ம் கொட்டும் சர்வர்

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவரை டெலிபோன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டெலிபோனை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒட்டிக்கொண்ட பெயர் லேசில் போகுமா? இரண்டாம் மாடியில், ஏசி எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் கணினி அறையில் உட்கார்ந்து சர்வர்களைக் கட்டி மேய்க்கிற மனிதரை, படிக்கட்டில் எதிரே வருகிற நர்ஸ், "என்ன டெலிபோன் சார், சாப்டாச்சா?" என்பாள். "ஆச்சும்மா, உங்க வார்டுல இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியா?" என்பார் அவர். குரலை வைத்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவார். அவருக்குக் கண் தெரியாது.

ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம். படித்து முடித்ததும், கண் தெரியாதவர்களுக்கென்றே உலகம் ஓரமாக எடுத்து வைத்திருக்கிற வேலை கிடைத்தது. டெலிபோன் போர்டு. பதினோரு வருஷம், "வணக்கம், எந்தப் பிரிவு வேணும்?" முந்நூற்றுச் சொச்சம் எண்களும் மனப்பாடம். பக்கத்து அறையில்தான் அப்போது கணினிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஒருநாள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு வீட்டிலிருந்து போனில் கத்தினார்: "சர்வர் நின்னுபோச்சாம். யாராவது அதுக்கு முன்னாடி உக்காந்து நான் சொல்றதை அப்படியே தட்டுங்கய்யா!" மற்றவர்கள் நமக்கேன் வம்பு என்று நழுவிவிட, போனை எடுத்தவரே போய் உட்கார்ந்தார். காதில் விழுந்ததை எழுத்து பிசகாமல் தட்டினார். நின்றுபோன சர்வர் எழுந்துகொண்டது.

அன்றைக்குப் பிடித்த பித்து பிறகு விடவேயில்லை. தானே படித்தார், தானே தப்பு செய்து தானே திருத்தினார். கால் முறிந்தவர் வேறு வேலைக்குப் போனபோது அந்த நாற்காலிக்கு வேறு ஆள் சிக்கவில்லை. "தற்காலிகமா நீங்க பாத்துக்குங்க" என்றார்கள். அந்தத் தற்காலிகம்தான் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

கண் தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். லினக்ஸ் மெஷினில் ஷெல் என்று ஒன்று உண்டு. படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளையை எழுத்தில் தட்டினால் வேலையை முடித்து, பதிலையும் எழுத்தில்தான் தரும். எழுத்து என்றால் அவருக்குப் போதும். அவர் மேஜைக் கணினியில் திரையில் வருவதையெல்லாம் படித்துக்காட்டும் ஒரு குரல் இருந்தது. இயர்போன் வழியாக அது ஓயாமல் பேசும். தட்டியதைச் சொல்லும், தப்பாகத் தட்டியதை இன்னும் அழுத்திச் சொல்லும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மாமியார். "எங்கம்மாவையா சொல்றீங்க?" என்று அவர் மனைவி முதலில் சண்டைக்கு வந்தாள். ஒருநாள் இயர்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "பொருத்தமாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டாள்.

நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இந்தக் குடித்தனத்தில்தான் ஒரு புதன்கிழமை புது சர்வர் வந்து இறங்கியது. பழசுக்கு வயசாகிவிட்டதாம். சனிக்கிழமை மாலை அதை நிறுத்திவிட்டு, திங்கள் காலையிலிருந்து எல்லாம் புதுசில் நடக்க வேண்டும்.

புது சர்வரோடு சேர்ந்து ஒரு கவலையும் வந்தது. கணினிப் பிரிவின் மேலாளர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. மற்றவர்களிடம் எரிந்து விழுகிற அந்த அம்மாள் டெலிபோன் சாரிடம் மட்டும் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற குரலில் பேசுவார். அந்தக் குரலில்தான் அன்று கேட்டார்.

"சார், புது மெஷின், எல்லாமே மாறிப்போச்சு. இந்த வயசுல எதுக்கு சார் இவ்வளவு சிரமம்? டெலிபோன் போர்டுல இடம் காலியா இருக்கு. உங்களுக்குப் பழகின வேலை."

"நான் பாத்துக்கறேன் மேடம்."

"பாருங்க, யாரு வேணாம்னா? திங்கட்கிழமை வரைக்கும் பாப்போம். ஏதாவது கோளாறு ஆச்சுன்னா மனசுல வச்சுக்காதீங்க, கீழ போயிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னாலே அவர் உஷாராகிவிடுவார். சின்ன வயதிலிருந்து அவரை ஓரமாக உட்காரவைத்த அத்தனை பேரும் அவர் நல்லதுக்குத்தான் உட்காரவைத்தார்கள். போர்டு வேலையை அவர் மட்டமாக நினைக்கவில்லை. திரும்பவும் அதில் கொண்டுபோய் விட்டுவிட்டால், இந்தப் பன்னிரண்டு வருஷமும் ஏதோ போனால் போகிறதென்று கொடுத்த சலுகை என்றாகிவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

மெஷினைக் கொண்டுவந்து வைத்த நிறுவனத்து ஆட்கள் இருவரும் ஷெல்லை ஜோடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கட்டளைக்காகக் காத்திருக்கும்போது மெஷின் ஒரு வரி காட்டும் அல்லவா, அதில் ஆள் பெயர், மெஷின் பெயர், கோப்புகளை அடுக்கியிருக்கிற எந்த அறைக்குள் எந்த அறையில் நிற்கிறோம், மணி என்ன, கடைசியில் ஒரு அம்புக்குறி. பார்க்கிறவர்களுக்கு அழகு. மாமியாருக்கோ கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு தடவை எண்டர் தட்டும்போதும் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்து, "வலப்பக்க அம்பு" என்று முடித்த பிறகுதான் மேற்கொண்டு விடுவாள்.

பழைய சர்வரில் அந்த வரி வெறும் "ம்". அவர் வைத்ததுதான். கதை கேட்கிறவர் ம் கொட்டுகிற மாதிரி, சொன்ன வேலையை முடித்துவிட்டு அது "ம்" என்னும். அவர் அடுத்ததைச் சொல்வார். அது திரும்பவும் "ம்" என்னும். ஆய்வுக்கூடத்து மெஷின் "ஆங்" என்னும், நகல் எடுத்து வைக்கிற மெஷின் "சரி" என்னும். மற்றவர்கள் கலர் பார்த்து எந்த மெஷினில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வார்கள், அவருக்கு இந்தக் குரல்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த மாமியார் "ம்" என்று சரியாகச் சொல்வதற்கு எந்த எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று கண்டுபிடிக்கவே அந்தக் காலத்தில் அரை நாள் போயிருந்தது.

ஆக, புது மெஷினை அவர் வழிக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே நுழையும்போது ஷெல் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டுதான் எழும். இவருக்கு இப்படிப் பேசு, இந்தச் சுருக்கத்துக்கு இந்த வேலை என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். வியாழக்கிழமை அந்தக் கோப்பில் கை வைத்தார். அம்புக்குறியை எடுத்தார். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று நூறுவரை எண்ணிக் கழுத்தறுக்கிற சமாச்சாரத்தை வாயடைத்தார். நீள வேலை முடிந்ததும் மணியடிக்கச் சொன்னார். எந்தக் கோப்பையாவது அழிக்கச் சொன்னால், "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு அழிக்கச் சொன்னார். கட்டளைகளை எங்கெங்கே போய்த் தேட வேண்டும் என்கிற வரியில் புது இடம் ஒன்றைச் சேர்க்கப்போய், பழைய இடங்களையெல்லாம் தூக்கிவிட்டார். அவ்வளவுதான், எதைத் தட்டினாலும் "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று கையை விரித்தது மெஷின். கோப்பைத் திறக்கிற கட்டளையையும் சேர்த்துத்தான். அவர் அசரவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் முழு விலாசத்தையும் தட்டித் தட்டி உள்ளே போய்ச் சரிசெய்துவிட்டு, தனக்குத்தானே தலையில் குட்டிக்கொண்டார்.

"என்னண்ணா, புதுசோட சண்டையா?" என்று கேட்டாள் வயர்க்காரி. நெட்வொர்க் கேபிள்களைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். இடுப்பில் எந்நேரமும் கேபிள் வெட்டுகிற கத்தரி தொங்கும். ஒப்பந்த வேலை, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

"சண்டையில்லம்மா, பழக்கறேன். வந்தவங்க சிங்காரிச்சு வச்சிருக்காங்க. ஒரேயடியா எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு நானே எழுதிடலாம்னு பாக்கறேன்."

அப்படித்தான் செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஆட்கள் விட்டுப்போன நூற்றிருபது வரிகளையும் அழித்து, முதல் வரியிலிருந்து தன் கையால் இருபத்தேழு வரி எழுதினார். எண்டர் தட்டினார். புது மெஷின் "ம்" என்றது. அந்த ஒரு சத்தத்தில் அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஆய்வுக்கூடத்திலிருந்து சோதனைக்கு ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தார், ஒழுங்காக வந்து சேர்ந்தது. இரத்தப் பரிசோதனை முடிவுகளெல்லாம் ஆய்வுக்கூடத்து மெஷினிலிருந்து இப்படித்தான் சர்வருக்கு வந்து, அங்கிருந்து வார்டுத் திரைகளுக்குப் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. கை சும்மா இருந்தது. சும்மா இருந்த கைதான் இருபத்தெட்டாவது வரியை எழுதியது. தேவையே இல்லாத வரி. அவர் உள்ளே நுழைந்ததும் மெஷின், "வாங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எந்த அறைக்குள் போனாலும் அவருக்கு ஒருவர் கையைப் பிடித்து நாற்காலியைக் காட்டுவார், அல்லது காட்டவேண்டுமே என்று தயங்கி நிற்பார். சாதாரணமாக, வருகிற ஆளை வாங்க என்கிற மாதிரி யாரும் சொன்னதில்லை. மாமியார் அதை "வேங்கா, ஊக்காரூங்கா" என்று கொலை செய்தாள். எழுத்தை மாற்றி மாற்றி, பன்னிரண்டாவது தடவை சரியாக வந்தது. அவர் தனியே உட்கார்ந்து சிரித்தார். ஒரு வாங்க சொல்வதற்கு என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது என்று இயர்போனைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் விடுமுறை. வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதே மருத்துவமனையில் சலவைப் பிரிவில்தான் அவளுக்கு வேலை. வாரம் முழுக்க ஊர்த் துணி மடிக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணி.

"நாளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டாள்.

"ஆகாது."

"ஆயிடுச்சுன்னா?"

"கீழ போய் எந்தப் பிரிவு வேணும்னு கேக்க வேண்டியதுதான்." சிரிப்பாகத்தான் சொல்ல நினைத்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முதல் போன் வந்தது. பெண்கள் வார்டு. "டெலிபோன் சார், ரிசல்ட் ஒண்ணுகூட வரலையே?" அடுத்து குழந்தைகள் வார்டு. அடுத்து தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர், வணக்கம்கூடச் சொல்லாமல் கத்தினார். நர்ஸ்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, முடிவுகளைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு படியேறினார்கள். மேலாளர் கணினி அறைக்குள் வந்தபோது செருப்புச் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. ஆனால் அது வயர்க்காரி மேல் போய் விழுந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் கேபிளை மாத்தினது யாரு? நீதானே? மாத்தினா சரியா மாத்தணும்னு தெரியாதா? உன்னையெல்லாம் வச்சுக்கிட்டு நான் பாடுபட வேண்டியிருக்கு!"

"சரியாத்தான் மேடம் போட்டேன்..."

"போட்டிருந்தா ஏன் வரலை? போ, போய்ப் பாரு!"

கத்தரி இடுப்பில் ஆடுகிற சத்தத்தோடு அவள் ஓடினாள். மேலாளர் இந்தப் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார். "நீங்க பதட்டப்படாதீங்க சார். உங்க மேல ஒண்ணுமில்ல."

டெலிபோன் சார் ஆய்வுக்கூடத்து மெஷினுக்குள் போனார். அது "ஆங்" என்றது. முடிவுகளைக் கையால் அனுப்பிப் பார்த்தார். அனுப்புகிற நிரல் மறுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. அதன் பொருள் இதுதான்: உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா?

 அவருக்கு ஒரே நொடியில் முழுதும் விளங்கிற்று. ஷெல் எழும்போது படிக்கிற அந்தக் கோப்பை, ஆள் வந்தாலும் படிக்கும், கோப்புகளை இறக்கிவைக்க இன்னொரு மெஷின் வந்தாலும் படிக்கும். ஆய்வுக்கூடத்து மெஷின் அவருடைய கணக்கு வழியாகத்தான் சர்வருக்குள் வரும். வருவது ஆளில்லை, மெஷின் என்றால் பேசாமல் வழி விடு என்று அந்த நூற்றிருபது வரிகளின் தலைப்பில் ஒரு வரி இருந்திருக்கும். வழித்துப் போட்டதில் அதுவும் போய்விட்டது. போனதோடு நின்றிருந்தாலும் குடிமுழுகியிருக்காது. சனிக்கிழமை அவர் அதற்கு வாய் கொடுத்தார். காலையிலிருந்து முடிவுகளைச் சுமந்து வந்த மெஷினை, சர்வர் ஒவ்வொரு தடவையும் "வாங்க, உக்காருங்க" என்று வரவேற்றிருக்கிறது. வந்த மெஷின் எதிர்பார்த்ததோ மெஷின்களுக்குள் வகுத்துவைத்த கணக்கான பேச்சு. இது என்ன பாஷை என்று மிரண்டு, கொண்டுவந்ததையும் தூக்கிக்கொண்டு திரும்பிப்போயிருக்கிறது.

முதலில் அந்த இருபத்தெட்டாவது வரியை அழித்தார். கோப்புக்குத்தான் அந்தக் கேள்வி, ஒரு வரிக்கு "நிஜமாவா?" என்று யாரும் கேட்கவில்லை. போன வரியைத் தலைப்பில் எழுதினார். திரும்ப அனுப்பினார். முடிவுகள் மளமளவென்று வந்து இறங்கின. வார்டுகளிலிருந்து போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மணி பத்து. ஒன்றரை மணி நேரம் நோயாளிகள் காத்திருந்திருக்கிறார்கள்.

வயர்க்காரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "மேடம், எல்லாத்தையும் பிடுங்கித் திரும்ப செருகினேன். வந்துடுச்சாம்ல?"

"அப்ப நீதான். லூசா விட்டிருக்க."

"இருக்கும் மேடம்," என்றாள் அவள். பாவம், அவளே நம்பிவிட்டாள். "சாரி மேடம்."

"சாரி எனக்கெதுக்கு? ஒப்பந்தம் புதுப்பிக்கறப்போ பேசிக்கலாம்."

அந்த அறையில் உண்மை தெரிந்தது ஒருவருக்குத்தான். இயர்போனில் கேட்டதை வேறு யாரும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாற்காலி அவருடையது. அந்த நினைப்பு அவருக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. கீழே போர்டு அறையின் அந்தப் பழைய வாடைகூட மூக்கில் அடித்தது. பிறகு வயர்க்காரி மூக்கை உறிஞ்சினாள். அவருக்கு அது காதில் விழாமல் போகுமா?

"மேடம், கேபிள்ல தப்பில்ல. தப்பு என்னோடது."

"சார், அவளுக்காக நீங்க..."

"யாருக்காகவும் இல்ல மேடம். ஷெல் கோப்பை நான் புதுசா எழுதினேன். எழுதினப்போ இருக்க வேண்டிய ஒரு வரியைத் தூக்கிட்டேன். இருக்கக் கூடாத ஒரு வரியைச் சேர்த்தேன். சேர்த்தப்புறம் சோதிக்கலை." என்ன வரி என்பதையும், அது என்ன செய்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். 

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரும்பவும் அந்த மருந்து புகட்டுகிற குரல். "பரவாயில்ல சார். நீங்க என்ன பண்ணுவீங்க? கண்ணு தெரியாததால வந்தது. அதனாலதான் நான் அன்னிக்கே..."

"இல்ல மேடம்." இதுவரை அவர் யாருடைய பேச்சையும் இப்படி வெட்டியதில்லை. "கண்ணு தெரியாததால வந்ததில்ல. அனுப்பற நிரலை எழுதினவங்க, ஷெல் சுத்தமா இருக்கான்னு ஒரு கேள்வியை அதுக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க. ஏன்? இந்த வேலை தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா வந்து இதே தப்பைப் பண்ணியிருக்காங்க. எல்லாரும் கண்ணு தெரிஞ்சவங்க. நான் பண்ணினது அவங்க பண்ற தப்பு. என்னைக் கீழ அனுப்பறதுன்னா, வேலையில கவனமில்லன்னு எழுதி அனுப்புங்க, போறேன். கண்ணு தெரியலன்னு எழுதாதீங்க."

 மேலாளர் எழுந்தார். நாற்காலி சுவரில் போய் மோதியது.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு வரி சேர்த்தா திரும்ப சோதிக்கணும்னு தெரியாதா? பன்னிரண்டு வருஷமா என்னத்தைக் கிழிச்சீங்க? அங்க டாக்டருங்க ரிசல்ட் இல்லாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க, இங்க இவரு மெஷினை வாங்க உக்காருங்கன்னு சொல்ல வைக்கறாரு! இதென்ன உங்க மாமனார் வீடா? இந்தப் பொண்ணைப் போட்டு நான் அந்தப் பேச்சு பேசியிருக்கேன், என் மானமும் போச்சு! இன்னிக்கு நடந்ததை உங்க பேரைப் போட்டு எழுதிக் குடுங்க. அடுத்த தடவை அந்த மெஷின்ல ஒரு புள்ளி வச்சாலும் சோதிச்சுட்டு, எனக்குக் காட்டிட்டுத்தான் வைக்கணும். புரியுதா?"

"புரியுது மேடம்."

"புரிஞ்சா சரி!" கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அடுத்த தடவை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அப்படியென்றால் அடுத்த தடவை இந்த நாற்காலியில் டெலிபோன் சார்தான். வயர்க்காரி அதைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, கேட்டீங்களா?" என்று அவர் தோளை உலுக்கினாள். அவர் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் சலவைப் பிரிவுக்குப் பின்னால், ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்த பெஞ்சில் மனைவி அவருக்காகக் காத்திருந்தாள். சேதி அதற்குள் நாலு வாய் மாறி அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

"உங்களை அந்தம்மா கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்களாமே? மாடிப்படி வரைக்கும் கேட்டுதாம். இருங்க, நான் போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் முகத்தைப் பார்த்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "என்னங்க, சிரிக்கறீங்க? பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"வயர்க்காரியைத் திட்டுவாங்கள்ல, அதே சத்தம். துளிகூடக் குறைக்கலை." அவர் பிடித்த கையை விடவில்லை. "கண்ணு போனதுலேர்ந்து என்னை யாரும் இப்படித் திட்டினதில்லடி. அப்பாகூட. எது பண்ணினாலும், பாவம், அவனுக்கு என்ன தெரியும்னு விட்டுடுவாரு."

 அவள் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"என்னென்ன சொன்னாங்க?" என்றாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க, ஒண்ணு விடாம."